யார் எங்கே இருக்கிறார்கள்: 25 ஆண்டுக்குப் பிறகு ஒரு பேட்ச்சின் சேதியைத் திரட்டுவது

தமிழ்நாட்டில் 1996-இல் பொறியியல் சேர்ந்து 2000-இல் முடித்த ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். 60 இடங்கள் கொண்ட வகுப்பு. வெள்ளி விழா வந்துவிட்டது, அல்லது தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது சொச்சம் பேர் இருப்பார்கள். வாய் திறப்பவர்கள் பத்துப் பேரைத் தாண்ட மாட்டார்கள். மற்றவர்கள் பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம் போடுவார்கள், அல்லது அதுவும் போட மாட்டார்கள். யாரோ ஒருவருக்கு, எல்லாரையும் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு ஒரு மலர் கொண்டுவரலாமே என்று தோன்றும். குரூப்பில் சொன்னதும் முப்பது கட்டைவிரல்கள் உயரும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கையில் எட்டுப் பேரின் குறிப்புதான் இருக்கும்.

நண்பர்களுக்குப் பாசம் குறைந்ததால் இப்படி நடப்பதில்லை. குரூப் என்பது பேச்சு. பேச்சில் தானாக வந்து விழுவது நல்ல செய்தி மட்டும்தான்: பதவி உயர்வு, புது வீடு, மகளின் பத்தாம் வகுப்பு மார்க். வேலை போனவர், மணமுறிவு ஆனவர், குழந்தை இல்லாதவர், டயாலிசிஸில் இருப்பவர், டிகிரியையே முடிக்காமல் போனவர் எல்லாம் நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள், ஒருவர் தனியாக, நேரம் ஒதுக்கிக் கேட்டால் சொல்வார்கள். ஒரு வகுப்பின் வாழ்க்கைச் சேதியை முழுமையாகத் திரட்ட வேண்டும் என்றால் அது குரூப்பில் நடக்காது. கேட்பதற்கென்று ஓர் ஆள் வேண்டும், எழுதி வைப்பதற்கு ஓர் ஏடு வேண்டும்.

தொடர்பு அறுந்த விதம்

கடைசி ஆண்டில் எல்லாரிடமும் ஓர் ஆட்டோகிராஃப் புக் இருந்தது. அதில் நிலையான முகவரி என்று ஒரு வரி. பெரும்பாலும் அப்பா பெயரும் ஊரும் எழுதியிருப்பார்கள், எஸ்டிடி கோடுடன் ஒரு லேண்ட்லைன் நம்பர் இருக்கும். பின்னால் அந்த நம்பர்களுக்கு முன் 2 சேர்க்கப்பட்டது. அதன் பிறகு லேண்ட்லைனே வீடுகளிலிருந்து போய்விட்டது. மின்னஞ்சல் என்றால் ஹாட்மெயில், யாஹூ, ரீடிஃப்மெயில். அவற்றில் பல இன்று திறப்பதில்லை. ஜிமெயிலும்கூட நிலையானதல்ல: இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியது.

2000-இல் இகுரூப்ஸ் என்ற மின்னஞ்சல் குழு நிறுவனத்தை யாஹூ வாங்கிய பிறகு, இந்த பேட்ச்சுகளின் முதல் சந்திப்பு இடம் யாஹூ குரூப்ஸ்தான். முதல் வேலை, முதல் விசா, முதல் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கேதான் போயின. 2019 கடைசியில் பழைய மடல்களையும் கோப்புகளையும் நீக்கப்போவதாக யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையையே மூடியது. நடுவில் வந்த ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2004-இல் தொடங்கி 2014 செப்டம்பர் 30-இல் முடிந்தது. இரண்டிலும் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்த செய்தி பாதிக்கு மேல் போயிற்று. யாரோ ஒருவர் தன் மெயிலில் சேமித்து வைத்திருந்தால் உண்டு. முதல் வேலையாக குரூப்பில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: பழைய யாஹூ குரூப் மடல்கள் யாருடைய இன்பாக்ஸிலாவது கிடக்கின்றனவா?

வாட்ஸ்அப் வந்ததும் எல்லாரும் சேர்ந்துவிட்டோம் என்று தோன்றியது. ஆனால் ஒரு குரூப்பில் 2016 வரை 100 பேர்தான் சேர முடியும். பிறகு 256 ஆயிற்று. 2022-இல் 512, அதே ஆண்டின் இறுதியில் 1,024. முன்னூறு, நானூறு பேர் கொண்ட ஒரு கல்லூரி பேட்ச் அத்தனை காலமும் ஒரே குரூப்பில் கொள்ளவில்லை. அதனால் துறை வாரியாக, ஹாஸ்டல் வாரியாக, ஊர் வாரியாகப் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு அப்படியே உறைந்துவிட்டது. டே ஸ்காலர்கள் எந்தக் குரூப்பிலும் சரியாக ஒட்டவில்லை. இன்று தேடக் கிடைக்காதவர்களில் கணிசமானவர்கள் அவர்கள்தான்.

பட்டியலே பாதி வேலை

முதலில் பெயர்ப்பட்டியல். எல்லாரையும் தெரியுமே என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் கட்டாயம் யாரையாவது விட்டுவிடுவார்கள். விடுபடுகிறவர் எப்போதும் ஒரே வகை ஆள்தான்: ஏற்கெனவே வகுப்பின் ஓரத்தில் இருந்தவர்.

இறுதியாண்டுப் பட்டியல் மட்டும் போதாது. முதலாண்டு வருகைப் பட்டியல் வேண்டும். நடுவில் நின்றவர்கள், வேறு துறைக்கு மாறியவர்கள், அரியர் காரணமாக ஒரு வருடம் பின்தங்கியவர்கள் அதில்தான் இருப்பார்கள். இரண்டாம் ஆண்டுப் பட்டியலும் வேண்டும். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் வந்தவர்கள் அங்கேதான் முதலில் தெரிவார்கள், ரோல் நம்பரும் கடைசியில் இருக்கும். வகுப்புப் புகைப்படம் நான்காவது ஆதாரம். அன்று லீவ் போட்டவர் படத்தில் இருக்க மாட்டார் என்பதை மறக்கக்கூடாது. நான்கையும் ஒப்பிட்டு ஒரே அட்டவணை போட்டால் 60 பேர் என்று நினைத்த வகுப்பு 67, 68 ஆகிவிடும். டிகிரி முடிக்காதவரைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்பார். சேர்க்க வேண்டும். ஒரு செமஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தவரும் வகுப்புதான்.

அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரி. பத்தி எட்டு போதும்: ரோல் நம்பர், அன்றைய பெயரும் இனிஷியலும், அழைக்கப்பட்ட பெயர், இன்றைய பெயர், போன், மின்னஞ்சல், யார் மூலம் கிடைத்தார், கடைசியாகப் பேசிய தேதி. கடைசி இரண்டு பத்திகளைத்தான் பலரும் போடுவதில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து இன்னொருவர் இந்த ஏட்டை எடுத்து நடத்துவதற்கு அவைதான் உதவும். போன் நம்பர் பத்தியை முதலிலேயே வெறும் எழுத்தாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நாட்டுக் குறியீட்டின் கூட்டல் குறியும் முன்னால் வரும் பூஜ்யமும் காணாமல் போகும். சிங்கப்பூர் நம்பரா, இந்திய நம்பரா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பெயர் ஏன் கிடைப்பதில்லை

தமிழ்ப் பெயர் முறை, தேடுவதற்குக் கடினமானது. வகுப்பில் எஸ். கவிதா. எஸ் என்றால் அப்பா சுப்பிரமணியன். கல்யாணத்துக்குப் பிறகு சிலர் இனிஷியலை மாற்றுவார்கள், சிலர் மாற்ற மாட்டார்கள், சிலர் கணவர் பெயரை முழுதாகச் சேர்த்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, கவிதா சுப்பிரமணியன் ஆகும். அமெரிக்கா போன ஆண்களுக்கு இன்னொரு திருப்பம் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். அதைச் சரிசெய்யப் பெயரை இரண்டாகப் பிரித்தவர்களும், அப்பா பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. அலுவலகத்தில் ராமசாமி என்று அழைக்கப்படுபவர் வகுப்பின் சரவணனாக இருக்கலாம். லிங்க்ட்இன்னில் தேடும்போது அப்பா பெயரைப் போட்டும் தேடிப் பார்க்க வேண்டும்.

கல்லூரிப் பெயரிலும் சிக்கல் இருக்கிறது. 2001 இறுதியில்தான் மாநிலம் முழுவதும் இருந்த பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. அதற்கு முன் முடித்தவர்களின் பட்டம் சென்னை, பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர் என்று பகுதிக்கு ஏற்ற பல்கலைக்கழகத்துடையது. ஒரே வகுப்பில் ஒருவர் தன் சுயவிவரத்தில் பாரதியார் என்று போட்டிருப்பார், இன்னொருவர் கல்லூரிப் பெயரைப் போட்டிருப்பார், மூன்றாமவர் வெளிநாட்டில் விளங்க வேண்டும் என்று அண்ணா பல்கலைக்கழகம் என்றே எழுதியிருப்பார். மூன்று விதமாகவும் தேடாமல் ஆள் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

இணையத்தில் எங்கும் இல்லாதவர்கள் பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார்கள். அப்பாவின் உரக்கடையை எடுத்து நடத்துபவர், அரசுப் பள்ளி ஆசிரியர், கூட்டுறவு வங்கியில் இருப்பவர். இவர்களுக்கு ஆட்டோகிராஃப் புக்கின் முகவரி இன்றும் வேலை செய்யும். அந்த ஊர்ப்பக்கம் இருக்கும் ஒரு வகுப்புத் தோழர் டீக்கடையிலோ மளிகைக் கடையிலோ அப்பா பெயரைச் சொல்லி விசாரித்தால் அரை மணி நேரத்தில் நம்பர் கிடைத்துவிடும். வெளிநாட்டிலிருந்து பத்து மாதம் இணையத்தில் தேடுவதைவிட இது மேல்.

கிடைத்த நம்பரில் உடனே அந்தரங்கமாக எதையும் எழுத வேண்டாம். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட மொபைல் நம்பர் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். குரூப்பிலேயே இப்படி ஓர் அந்நியர், பழைய நண்பரின் பெயரில் மௌனமாக இருந்துவிடுவதுண்டு. முதல் அழைப்பில் ரோல் நம்பரையோ பக்கத்து நம்பர்காரர் பெயரையோ கேட்டு உறுதி செய்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

கேட்கும் முறை

இந்த வேலைக்கு நீண்ட மரபு உள்ள இடம் அமெரிக்கக் கல்லூரிகள். யேலில் 1792 வகுப்புதான் முதலில் தன்னை ஒரு வகுப்பாக அமைத்துக்கொண்டது. ஹார்வர்டில் ஒவ்வொரு வகுப்பும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தன் அறிக்கையை அச்சிடுகிறது. சிவப்பு அட்டை என்பதால் அதற்கு ரெட் புக் என்றே பெயர். அவரவர் பகுதியை அவரவரே எழுதுவார்கள். அதே ஹார்வர்டில் 1938-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று 268 மாணவர்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது. அங்கே கேள்வித்தாள் தனித்தனியாகப் போனது, பதில் ஆய்வாளருக்கு மட்டும் வந்தது. குடி, மணமுறிவு, தோல்வி எல்லாம் எழுதினார்கள். கேட்பவர் யார், படிப்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். நம் பேட்ச் ஏட்டுக்கும் இது பொருந்தும்: முதலில் ஒருவரிடம் சொல்லட்டும், எது அச்சுக்குப் போகும் என்பதைப் பிறகு அவரே முடிவு செய்யட்டும்.

ஒருவரே 68 பேரிடம் பேச முடியாது. எட்டுப் பேருக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் எட்டு ஒன்பது பேர் தேவைப்படும். நெருங்கிய நண்பர்களையே ஒருவருக்கு ஒதுக்குவது எளிது; ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. நெருங்கியவர், எனக்குத்தான் தெரியுமே என்று கேட்காமலே எழுதிவிடுவார். பாதி நெருக்கம் உள்ளவரே நல்ல தேர்வு: லேப் பார்ட்னர், ரோல் நம்பரில் அடுத்தவர், ஒரே பஸ்ஸில் வந்தவர். பழைய மனஸ்தாபம் உள்ள இருவரைத் தெரிந்தும் சேர்க்க வேண்டாம்.

கூகுள் ஃபார்ம் அனுப்பினால் வரும் பதில் பயோடேட்டா போலத்தான் இருக்கும். பெயர், வேலை, நிறுவனம், மனைவி, இரண்டு குழந்தைகள், அவ்வளவுதான். ஃபார்மில் படத்தையும் ஏற்றச் சொன்னால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். பலர் அந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள். ஃபார்மை முகவரி, போன் மட்டும் வாங்க வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கைச் சேதிக்கு வாய்ஸ் நோட்தான் சரி. ஐந்து நிமிடம் பேசி அனுப்பச் சொன்னால், எழுதத் தயங்குகிறவர்கூடப் பத்து நிமிடம் பேசுவார். அதை எழுத்தாக்கி, அவருக்கே திருப்பி அனுப்பி, சரி என்று ஒரு வார்த்தை வாங்கிய பிறகே ஏட்டில் ஏற்ற வேண்டும். இந்தச் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் அச்சுக்குப் போகக் கூடாது.

ஒரே நேரத்தில் பலருக்கு நினைவூட்ட வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் லிஸ்டை நம்ப வேண்டாம். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். போகவில்லை என்று உங்களுக்குத் தனியாக அறிவிப்பும் வராது. பதில் சொல்லாதவர் என்று நீங்கள் குறித்து வைத்தவருக்குச் செய்தியே போயிருக்காது.

கேள்விகளில் கவனம் வேண்டும். "செட்டில் ஆயிட்டியா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அது ஒரே ஒரு வாழ்க்கை வடிவத்தைத்தான் வெற்றி என்று எடுத்துக்கொள்கிறது. அந்த வடிவத்தில் இல்லாதவர் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வார். "எத்தனை குழந்தைங்க?" என்பதும் அப்படித்தான். "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்டால் அம்மாவோடு தனியாக இருப்பவரும் பதில் சொல்ல முடியும். "காலேஜ் முடிச்ச மறுநாள்ல இருந்து சொல்லு, முதல் மூணு வருஷம் எப்படிப் போச்சு?" என்பது நல்ல கேள்வி. 2000 பேட்ச்சுக்கு அந்த மூன்று வருடங்கள்தான் பெரிய பிரிவுக்கோடு. டாட்காம் சரிவு, அதாவது இணைய நிறுவனங்களின் வீழ்ச்சி, வந்ததும் 2001-இல் வேலைகள் வற்றின. அமெரிக்காவின் எச்1பி வேலை விசாவின் வருடாந்திர உச்சவரம்பு 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக இருந்து 2004-இல் 65,000-க்கு இறங்கியது. ஆறு மாதம் முன்னால் போனவர் அங்கே தங்கிவிட்டார், ஆறு மாதம் பிந்தியவர் சென்னையிலோ பெங்களூரிலோ நின்றார். சிவில் படித்தவர் ஜாவா கற்றார், மெக்கானிக்கல் படித்தவர் துபாய் போனார். இந்தச் சூழல் தெரிந்தால்தான் ஒருவரின் வாழ்க்கையை அவருடைய திறமையின் மதிப்பெண்ணாகப் படிக்காமல் இருக்க முடியும்.

இன்னும் இரண்டு கேள்விகள் நன்றாக வேலை செய்யும்: "இப்ப ஒரு சாதாரண நாள் எப்படிப் போகுது?", "நம்ம வகுப்புல யாரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு?" இரண்டாவதற்கு வரும் பதிலில் தொலைந்துபோன ஒருவரின் பெயர் அடிக்கடி வரும். சில சமயம் நம்பரும் சேர்ந்தே வரும்.

சம்பளம், வீட்டின் மதிப்பு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் மூன்றும் ஏட்டில் வேண்டாம். பதவிப் பெயரையும் ஒரு வரிக்குள் அடக்குங்கள். ஒரே அளவு இடம் என்பது இங்கே முக்கியமான விதி. நிறுவனத்தின் துணைத் தலைவருக்கும் ஒரு பக்கம், டெய்லரிங் யூனிட் வைத்திருப்பவருக்கும் ஒரு பக்கம். இதில் ஒருமுறை விலக்குக் கொடுத்தால் ஏடு வகுப்புக்குச் சொந்தமாக இருக்காது.

பெண்கள் ஏன் குறைவாக இருக்கிறார்கள்

இருபாலர் வகுப்புகளின் குரூப்பில் ஆண்கள் நிறைந்திருப்பார்கள், பெண்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். காரணம் பல. 90-களில் பல தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதற்கே தடை இருந்தது. நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தும் ஒருவருக்கொருவர் பெயர் மட்டும்தான் தெரியும். கல்யாணத்தோடு ஊர் மாறியது, நம்பர் மாறியது. குரூப்பின் பேச்சு மச்சான், மாப்ளை என்றே ஓடும்; இரவு பதினொரு மணிக்கு வரும் படங்கள் சில, வீட்டில் மகன் கையில் போன் இருக்கும்போது திறக்க முடியாதவை. சேர்ந்தவர்களும் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்கள்.

ஒரு பெண்ணைக் குரூப்பில் நேரடியாகச் சேர்ப்பது தவறு. சேர்த்த நொடியில் அவர் நம்பர் நாற்பது ஆண்களிடம் போய்விடும். முதலில் வகுப்புத் தோழி ஒருவர் பேச வேண்டும். இருக்க விருப்பமா, ஏட்டுக்கு மட்டும் சேதி தந்தால் போதுமா, நம்பரைப் போடலாமா என்று கேட்க வேண்டும். பெண்களிடம் சேதி கேட்கும் பொறுப்பும் தோழிகளிடமே இருக்கட்டும். இடைவெளி விட்டு வேலைக்குத் திரும்பியது, திரும்ப முடியாமல் போனது, மாமியாரைப் பத்து வருடம் பார்த்துக்கொண்டது எல்லாம் இந்த பேட்ச்சின் பெண்கள் பலருடைய வாழ்க்கையில் பெரிய பகுதி. "ஹவுஸ் வைஃப்" என்ற ஒற்றைச் சொல்லில் அது முடிந்துவிடக் கூடாது. பி.இ. படித்த பெண்ணின் இருபத்தைந்து வருடத்துக்கு அது போதாது.

எல்லாரும் சேர்ந்து பேசும் நேரம்

ஒரே வீடியோ அழைப்பில் எல்லாரையும் கொண்டுவர முடியாது, இரண்டு வேண்டும். ஞாயிறு மாலை இந்திய நேரம் 7.30 என்றால் துபாயில் 6 மணி, லண்டனில் கோடையில் பிற்பகல் 3, நியூயார்க்கில் காலை 10, கலிஃபோர்னியாவில் காலை 7. குளிர்காலத்தில் லண்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு மணி நேரம் முன்னதாகிவிடும். இந்த நேரத்தில் சிட்னிக்காரருக்கு நள்ளிரவு. அவருக்காக ஞாயிறு காலை 7.30-க்கு இன்னொன்று: சிட்னியில் அவர்களுடைய குளிர்காலக் கணக்கில் நண்பகல், சிங்கப்பூரில் காலை 10, அமெரிக்கக் கிழக்கில் கோடையில் சனி இரவு 10. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் பேச்சு நான்கு பேரிடம் சிக்கிவிடும், அதனால் ரோல் நம்பர் வரிசையில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ஒருவர் நடத்திக்கொடுக்க வேண்டும்.

மறைந்தவர்கள்

ஐம்பதை நெருங்கும் வகுப்பில் சிலர் இருக்க மாட்டார்கள். விபத்து, மாரடைப்பு, புற்றுநோய், தற்கொலை; 2020, 2021-இல் கோவிட். இந்தப் பக்கங்களில்தான் ஏட்டின் நேர்மை தெரியும்.

மரணச் செய்தியை ஒருவர் சொன்னார் என்பதற்காக மட்டும் எழுதிவிடக் கூடாது. ஒரே பெயர் உள்ள இருவரில் உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் போன கொடுமை பல குரூப்களில் நடந்திருக்கிறது. செந்தில்குமார், சரவணன் என்றால் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். குடும்பத்தினர் ஒருவரிடம் பேசிய பிறகே குறிக்க வேண்டும். ரோல் நம்பரையும் இனிஷியலையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். என்ன காரணம் என்பதைக் குடும்பம் விரும்பினால் மட்டும் எழுதலாம்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. இறந்தவரின் நம்பர் குரூப்பிலேயே இருக்கும். போன் பெரும்பாலும் மனைவியின் கையிலோ பிள்ளையின் கையிலோ இருக்கும். இரங்கல் வந்த மறுநாள் காலையே அதே குரூப்பில் நகைச்சுவைத் துணுக்குகள் ஓடத் தொடங்கும். அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அட்மின் முதலில் குடும்பத்திடம் பேசி, அவர்கள் சம்மதத்துடன் நம்பரை எடுத்துவிட வேண்டும். நண்பர்கள் எழுதிய இரங்கலை மட்டும் தனியாகத் தொகுத்து அனுப்பலாம். சில பிள்ளைகள் அப்பாவின் கல்லூரிக் கதைகளைக் கேட்பார்கள். ஏட்டில் அவருக்கும் ஒரு பக்கம், மற்றவர்களுக்கு உள்ள அதே அளவில் இருக்கட்டும். எழுதுகிறவர் அவரோடு அறையில் இருந்தவராக இருக்கட்டும். நல்லவர், பண்பானவர் என்ற பொதுச்சொற்களைத் தவிர்த்து, எந்த ரூமில் இருந்தார், எந்த பேப்பரில் அரியர் வைத்தார், கிரிக்கெட்டில் எந்த இடத்தில் நின்றார் என்று எழுதினால்தான் அந்தப் பிள்ளைக்கு அப்பா கிடைப்பார்.

மறைந்தவரின் குடும்பத்துக்கு உதவித் தொகை திரட்டும்போது பணம் நேராக அந்தக் குடும்பத்தின் கணக்குக்குப் போவதே நல்லது. ஒருங்கிணைப்பாளரின் சொந்தக் கணக்கில் லட்சங்கள் வந்து போனால் வருமான வரித் துறைக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். பெறுபவர் பக்கமும் ஒரு விதி உண்டு: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் அன்பளிப்பு வருமானமாகக் கணக்கிடப்படும். பெரிய தொகை என்றால் ஓர் ஆடிட்டரைக் கேட்டு, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் கணக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாமா, கல்விக் கட்டணத்தை எப்படிச் செலுத்தலாம் என்று முடிவு செய்யுங்கள். பேட்ச் பெயரில் சங்கம் பதிந்து நிதி வாங்குவதாக இருந்தால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர்களின் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதற்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு அந்தத் தடை இல்லை.

அச்சுக்குப் போகும்போது

ஏ5 அளவு போதும். ஒரு பக்கத்தில் ஒரு படமும் 150 வார்த்தையும் அடங்கும். 150-ஐத் தாண்டியவரை நீங்களே வெட்டாதீர்கள், அவரிடமே கொடுத்துக் குறைக்கச் சொல்லுங்கள். சென்டர் பின் அடிப்பதாக இருந்தால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 60 பேரின் குறிப்பு, மறைந்த நால்வருக்கு 4, பழைய படங்கள் 10, பெயர்ப்பட்டியல் 3, முன்னுரை 1 என்றால் 78. இரண்டு பக்கம் சேர்த்து 80. அந்த இரண்டைக் காலியாக விடாமல், இன்னும் கிடைக்காதவர்களின் பெயர்களைப் போட்டு யாருக்காவது தெரியுமா என்று கேளுங்கள். தடித்த ஆர்ட் பேப்பரில் 80 பக்கத்துக்குப் பின் அடித்தால் புத்தகம் மூடாமல் வாய் பிளக்கும். முதுகில் பசை போட்டு ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங் வாங்கிக்கொள்ளுங்கள். நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு. ஐந்நூறு என்றால் ஆஃப்செட் மலிவாக வரும்.

படங்களில்தான் அதிகம் கெட்டுப்போகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி வரும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 5 செ.மீ. அகலத்தில் தெளிவாக அச்சாக 600 பிக்சல் அகலமாவது வேண்டும். சட்டம் போட்ட வகுப்புப் படத்தை போனில் எடுத்தால் கண்ணாடியின் வெளிச்சம் நாலு முகத்தை அழித்துவிடும். கழற்றி ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐயில். கீழே பெயர் போடும்போது இடமிருந்து வலமாக ஒருமுறை, ரோல் நம்பர் வைத்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

தமிழில் அச்சிடுவதாக இருந்தால் அச்சகத்திடம் முதலிலேயே கேளுங்கள்: யூனிகோடா, பாமினி போன்ற பழைய எழுத்துருவா? நீங்கள் யூனிகோடில் தர, அவர்கள் மாற்றியில் போட்டு எடுக்க, கொம்பும் காலும் இடம் மாறும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பை இயக்காவிட்டாலும் இதே கதைதான். திருத்தம் எல்லாம் முடிந்த பிறகு, அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பையே ஒவ்வொருவருக்கும் அவர் பக்கத்தை மட்டும் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

போன் நம்பரும் வீட்டு முகவரியும் புத்தகத்தில் வேண்டாம். அச்சான பட்டியல் யார் கைக்கும் போகும். காப்பீடு, மனை விற்பனை, சங்கிலி வியாபாரம் என்று அழைப்புகள் தொடங்கினால் அடுத்த முறை யாரும் நம்பர் தர மாட்டார்கள். வகுப்புத் தோழரே அப்படி அழைத்தாலும் விளைவு அதுதான். தொடர்புப் பட்டியலை இருவர் கையில் மட்டும் வைத்து, கேட்பவருக்குச் சம்பந்தப்பட்டவரின் அனுமதி பெற்று ஒவ்வொன்றாகக் கொடுப்பதே முறை.

ஏடு வந்த பிறகும் வேலை இருக்கிறது. பிழைகள் முதல் பத்து நாளில் வந்து சேரும். அவற்றை அட்டவணையில் உடனே திருத்திவிடுங்கள். அட்டவணையின் ஒரு பிரதி இன்னொரு நாட்டில் இருக்கும் நண்பரிடமும், ஒரு அச்சுப் பிரதி ஊரில் இருப்பவரிடமும் இருக்கட்டும். கணக்கு மூடினாலும் கணினி கெட்டாலும் ஒன்று மிஞ்சும். ஆண்டுக்கு ஒரு மாதத்தைக் குறித்துவைத்து, பட்டம் வாங்கிய மே மாதமே பொருத்தம், கடைசியாகப் பேசிய தேதி இரண்டு வருடத்தைத் தாண்டியவர்களை மட்டும் எட்டுப் பேரும் பிரித்துக்கொண்டு அழைக்க வேண்டும். முன்பு பேச மறுத்தவர்களையும் அந்தப் பட்டியலில் வையுங்கள். கஷ்ட காலத்தில் கேட்டபோது மறுத்தவர், இரண்டு வருடம் கழித்துக் கேட்கும்போது சொல்லக்கூடும்.